சூனுக்கு வயது ஆயிரம், என் நாத்தனாருக்கு ஐம்பத்தேழு

என் நாத்தனாரைத் தெருவில் கடிகாரம் என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. நாலாம் நாள் காலையில் என் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு, "அண்ணி, அஞ்சரைக்கு எழுப்பி விடறேன்னு சொன்னீங்க. இப்ப அஞ்சு முப்பத்தெட்டு" என்றாள். பரீட்சையாம். எட்டு நிமிடத்தில் என்னத்தைப் படித்துக் கிழித்திருப்பாய் என்று கேட்டேன். "அதை எட்டு நிமிஷம் முன்னாடி எழுப்பியிருந்தா பாத்திருக்கலாம்" என்றாள். இவளோடு காலம் தள்ளுவது லேசுப்பட்ட வேலை இல்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பார்கள். ஒரே ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தான். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவன் ஏழு மணிக்கு வந்தான். இவள் நாலே காலுக்கே முகத்தைக் கழுவி, நல்ல துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அவனைப் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "அவங்க நாலு மணிக்கு இருந்தாங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அதோடு சரி. எனக்கு அப்போது கோபம். இப்போது யோசித்துப் பார்த்தால், அவள் அண்ணன் என்னைப் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். நானும் அப்படிக் கேட்டிருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும்.

மாமனார் மாமியார் போய், என் வீட்டுக்காரரும் போய், என் மகள் வெளியூரில் குடித்தனம் போய், கடைசியில் இந்த வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் வேலை பார்த்தது அகராதி அலுவலகத்தில். பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. கீழ்த் தளத்தில் அச்சகம். மாடியில் வாய் கொப்பளித்துத் துப்புகிற பீங்கான் தொட்டி ஒன்று சுவரோடு அப்படியே இருந்தது. அதற்குள்தான் 'க்யூ' எழுத்துச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துக்கு வார்த்தை குறைச்சலாம், தொட்டியே போதுமாம்.

இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் போட்டு, அந்த வார்த்தை எங்கே பிறந்தது, எங்கெங்கே சுற்றியது, எப்படிக் கெட்டுப்போனது என்று ஜாதகம் மாதிரி எழுதுவது அவர்கள் தொழில். அதற்கு ஆதாரம் வேண்டும். உள்ளங்கை அகலச் சீட்டில் வார்த்தை, அது வருகிற வாக்கியம், யார் சொன்னது, எந்த வருடம் எல்லாம் இருக்க வேண்டும். என் நாத்தனார் இந்தச் சீட்டுகளை வருட வாரியாக அடுக்கி, எண் போட்டு, நூலால் கட்டி, எழுதுகிறவர்களிடம் கொடுப்பாள். அவர்கள் கட்டைப் பிரித்துப் பார்த்து எழுதுவார்கள். புத்தகம் வந்ததும் முன்பக்கத்தில் எழுதியவர்கள் பெயர் வரும். அடுக்கியவர்கள் பெயர் வராது. இருபத்தாறு வருடம் அடுக்கினாள். 'ஏ'யில் ஆரம்பித்து 'எஸ்' வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு பக்கத்திலும் அவள் பெயர் இல்லை.

"பாத்திரம் கழுவறவ பேரை யாராவது பத்திரிகையில போடுவாங்களா அண்ணி?" என்பாள், சிரித்துக்கொண்டே. ஆனால் ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் முன்பக்கத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஓய்வு பெறப் பதினைந்து மாதம் இருந்தபோது, 'எஸ்' எழுத்தில் பாதியை வைத்திருந்தவருக்கு மூலம் வந்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்தே அகராதி எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வரும். அவர் நீண்ட லீவில் போனார். அவர் மேஜையில் மிச்சமிருந்த வார்த்தைகளைத் தலைமை ஆசிரியர் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அவரை அங்கே எல்லாரும் பெரியவர் என்பார்கள். "சூன் ஒண்ணு இருக்கும்மா. சின்ன வார்த்தைதானே, நீங்களே எழுதிடுங்க" என்று இவளிடம் கட்டை நீட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்ற மறந்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்டாள். பதினோரு வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும்; அவள் எதையும் மறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எழுதினா பேரு வரும் அண்ணி. 'எஸ்' புத்தகத்துல."

"எழுதிக் குடுத்துட்டு வந்துட வேண்டியதுதானே? சூன்னா சீக்கிரம். எனக்கே தெரியுது."

"அப்படித்தான் பழைய புத்தகத்துல மூணே வரி போட்டிருக்காங்க" என்றாள், ஏதோ அசிங்கத்தை மிதித்துவிட்ட முகத்தோடு.

நாலு மாதம் எடுத்துக்கொண்டாள். லைப்ரரி, லைப்ரரி என்று அலைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த சூனுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உடனே. இந்த நிமிஷம். சோனான்னு சொல்லுவாங்களாம் அப்ப."

"அப்புறம் என்ன கேடு வந்துது அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. 'சோனா வரேன்'னு சொன்னாங்க. வரல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, ஊரு முழுக்க. உடனேன்னு சொல்லிட்டு மெதுவா வந்தாங்க. கேக்கறவனும் பழகிட்டான். கொஞ்சம் கொஞ்சமா அந்த வார்த்தைக்கே 'எப்பவாவது, அவ்வளவு லேட் ஆகாது'ன்னு அர்த்தம் ஆயிடுச்சு."

"அப்ப நிஜமாவே உடனே வரவன் என்ன சொல்லுவான், பாவம்?"

"அதுக்குத்தான் வேற வார்த்தை வெச்சாங்க. அனான்னு ஒண்ணு. 'ஒரே மூச்சுல, இப்பவே'ன்னு அர்த்தம். கொஞ்ச நாள்ல அதுவும் தூங்கிடுச்சு. அப்புறம் பிரசன்ட்லின்னு ஒண்ணு. அதுக்கும் முதல்ல 'இப்பவே'தான். அதுவும் படுத்துருச்சு. பை அண்ட் பைன்னு ஒண்ணு. அதே கதை."

"வேலைக்காரனை மாத்தி மாத்தி வெச்சு என்னடி பிரயோஜனம்? வீட்டுக்காரன்தான் பொய் சொல்றான்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "இதை நாலு மாசமா நான் ஒன்றரைப் பத்தியில எழுதியிருக்கேன், நீங்க பீன்ஸ் நறுக்கிக்கிட்டே சொல்லிட்டீங்க" என்றாள். பாராட்டா, எரிச்சலா என்று தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பக்கத்தில் தமிழ் அர்த்தம் எதைப் போடுவது என்று அடுத்த தலைவலி. உடனே என்று போடுவதா, சீக்கிரம் என்பதா, விரைவில் என்பதா, இதோ என்பதா? இன்றைக்கு ஜனங்கள் இதையெல்லாம் சொன்னால் நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆதாரம் வேண்டுமாம். இன்றைய வழக்குக்குச் சீட்டு எழுதும்போது சொன்னவர், இடம், தேதி மூன்றையும் போட வேண்டும் என்பது அலுவலகத்து விதி. அதோடு 'கடந்த நேரம்' என்று ஒரு வரியை இவளே சேர்த்துக்கொண்டாள்.

பிறகு எங்கள் தெரு பட்ட பாடு கொஞ்சமில்லை. குழாய்க்காரர் போனில் "இதோ வந்துட்டேன்" என்றார். வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நாள், சீட்டில் ஏறினார். டாக்டர் "இதோ வந்துடுவார்" என்று சொன்ன கம்பவுண்டர் இரண்டு மணி பத்து நிமிடத்தில் ஏறினார். தையல்காரரின் "நாளைக்கு" வேறு வார்த்தை என்பதால் அவரை விட்டுவிட்டாள். அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. "சீக்கிரம் வரேம்மா" என்று என் மகள் போனில் சொன்னதையும் எழுதினாள். மூன்று வருடம் நாலு மாதம். அந்தச் சீட்டை என்னிடம் காட்டவில்லை. அவள் குளிக்கப் போனபோது நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் நாலு மாதம்தான்.

என் வீட்டுக்காரரையும் விடவில்லை. "குளிக்கிற ரூமுக்குச் சீக்கிரம் கதவு போட்டுடறேன்" என்று அவர் சொன்னது இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால். துணித் திரையைத் தொங்கவிட்டே எங்கள் இரண்டு பேரையும் குளிக்க வைத்து, கதவு போடாமலே செத்தும் போனார். சீட்டில் என்ன எழுதினாள் தெரியுமா? 'இன்னும் நிலுவை.'

"செத்தவரை எழுதறியேடி, உன் அண்ணன்டி!"

"நிலுவைன்னுதானே அண்ணி எழுதினேன். வரமாட்டார்னு எழுதல."

குழாய்க்காரருக்கு எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்தது. வாசலில் வந்து நின்றார்.

"ஏன்க்கா, உங்க நாத்தனார் என்னைப் பத்தி ஏதோ புத்தகத்துல எழுதறாங்களாமே? பொண்ணு கல்யாண வயசுல இருக்கா எனக்கு."

"நீ யாருன்னு போடமாட்டா. குழாய் வேலை செய்பவர்னுதான் போடுவா."

"இந்த ஏரியாவுல குழாய் வேலை பாக்கறது நான் ஒருத்தன்தான்க்கா!"

"அப்ப சொன்ன நேரத்துக்கு வந்து தொலை."

மறுநாளிலிருந்து, கூப்பிட்ட அரை மணியில் வந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும்.

கடைசியில் அவள் பொருத்தம் என்று எழுதிய தமிழ் வார்த்தை சீக்கிரம்தான். நான் முதல் நாள் சொன்னது. அதை நான் இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எழுதி முடித்து ஒரு திங்கட்கிழமை பெரியவர் கையில் கட்டைக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டு கீழே அச்சகத்துக்குப் போகும். 'எஸ்' புத்தகத்தை அச்சடிக்கப் பிளேட் போடுகிற நாள், அதிலிருந்து ஏழாவது சனிக்கிழமை. அதற்குள் கையெழுத்து ஆகாத வார்த்தைக்கு என்ன செய்வார்கள் என்றால், பழைய புத்தகத்தில் இருப்பதையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பழைய மூன்று வரி. முன்பக்கத்தில் பெயரும் இருக்காது. அடுத்த எழுத்து வருவதற்குள் இவள் வீட்டில் என்னோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். இருபத்தாறு வருடத்துக்கும் இந்த ஒரு சனிக்கிழமைதான் வாசல்.

கட்டை வாங்கிய பெரியவர், "சூனா பாத்துடறேம்மா" என்றாராம்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. கட்டு அவர் மேஜையில், பார்க்க வேண்டியவை என்று எழுதிய தட்டில், ஒரு பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருக்கிறது என்றாள். நாலாம் வாரம் பேப்பர் வெயிட்டுக்கு மேல் அவருடைய சாப்பாட்டு டப்பாவும் ஏறிவிட்டது என்றாள்.

"போய்க் கேளேண்டி."

"கேட்டேன் அண்ணி. சூன்னு சொல்றார்."

"ஆயிரம் வருஷத்து சூனா, இப்ப இருக்கறதா?"

அவள் சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊரையே பிடித்துக் கேள்வி கேட்பவள், அந்த மனிதர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். அந்த ஆள் கொடுத்த வேலையாம், அவர் மனம் கோணக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கடைசி வாரம், வியாழக்கிழமை. இவள் லைப்ரரிக்குப் போகிற நாள். நான் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, பஸ் பிடித்து, அந்த இரண்டு மாடியும் ஏறினேன். பெரியவர் அறைக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் "இருங்க" என்பார்கள்.

பெரியவர் நல்ல மாதிரியான ஆள்தான். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதையே மேஜை முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நீங்க..."

"கடிகாரத்தோட அண்ணி. கண்ணாடி உங்க கழுத்துல இருக்கு. சூன் கட்டு அந்த டப்பாவுக்கு அடியில இருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

"படிச்சுத்தானே போடணும்மா."

"படிங்க. நான் வேணாம்னா சொன்னேன்? ஒருத்தர் வேலை செய்யறதப் பாத்து எனக்கும் நாளாச்சு."

டப்பாவை நகர்த்தினார், கட்டை எடுத்தார், நூலை அவிழ்த்தார். முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் வீட்டில் அலமாரி செய்கிற தச்சர். பெரியவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏம்ப்பா, சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லியே ரெண்டு வாரம் ஓட்டிட்டே? வாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு? மனுஷன் எத்தனை நாள்தான்யா காத்துக்கிட்டு இருப்பான்?"

ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. தச்சரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்து மூலையிலும், ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. நான் ஏன் நிறுத்தப் போகிறேன்? கடைசிச் சீட்டுக்குப் போட்டதும் போனைப் பொத்திக்கொண்டு, "ஆச்சும்மா" என்றார். நூலை நானே கட்டினேன். கீழே கொண்டு போய் அச்சகத்தில் டி.டி.பி. செய்கிறவர் கையில் நானே கொடுத்தேன். கையெழுத்து ஆன கட்டில் எண் போட்ட சீட்டு எத்தனை இருக்கிறதோ அத்தனையும் புத்தகத்தில் ஏறும் என்பது அங்கே விதி. அது எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் ஆறு பத்துக்கு, எப்போதும்போல வந்தாள். நான் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிடித்தாள். ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

"படிச்சாரா அண்ணி?"

"தச்சனைத் திட்டிக்கிட்டே போட்டாரு."

"சீட்டுலயும் போட்டாரா? கடைசிச் சீட்டுல?"

"எல்லாத்துலயும்தான். ஏண்டி?"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். வாயால் கேட்கத் தைரியம் இல்லாதவள் சீட்டால் கேட்டிருக்கிறாள். முதல் வாரம் முடிந்ததும், அவர் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கட்டின் கடைசியில் ஒரு சீட்டைச் செருகி வைத்திருக்கிறாள். கட்டைத் திறந்து புரட்டினால் அவர் கண்ணில் படும், சிரிப்பார், அல்லது வெட்கப்படுவார், பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எண்ணம். கை பழக்கத்தில் எண்ணும் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை தோறும் போய் நாளை மட்டும் அடித்துத் திருத்தி வந்திருக்கிறாள்.

சீட்டில் இருந்தது இது: 'சூனா பாத்துடறேம்மா. சொன்னவர்: ஓர் அகராதியின் தலைமை ஆசிரியர். இடம்: தம் அலுவலக அறை. தேதி: கட்டை வாங்கிய திங்கள். கடந்த நேரம்: 42 நாள், இன்னும் நிலுவை.'

என் வீட்டுக்காரரோடு சேர்த்துப் பெரியவரையும் நிலுவையில் வைத்துவிட்டாள். எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. முதலில் வந்தது சிரிப்புதான்.

"சிரிக்காதீங்க அண்ணி! கையெழுத்தான கட்டுல ஒரு வரியை எடுக்கணும்னா அவர் மறுபடியும் கையெழுத்துப் போடணும். அதுக்கு நான் இதை அவர்கிட்ட காட்டணும்."

"காட்டினா?"

"கோவத்துல முழுக் கட்டையும் திரும்ப வாங்கிட்டா? சனிக்கிழமை போயிடும். மூணு வரிதான் வரும்."

"காட்டாம விட்டா?"

"அச்சாகி வந்தப்புறம் பாத்தார்னா, எட்டு மாசம் இருக்கறவளை எட்டு நாள்ல வீட்டுக்கு அனுப்புவார். அடுத்த பதிப்புல என் வார்த்தையும் இருக்காது, பேரும் இருக்காது."

"அந்தாளு எங்கடி பாக்கப் போறாரு? அதான் தெரிஞ்சு போச்சே."

அவள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை நானும் கூடவே போனேன். குற்றம் என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அச்சகத்தில் டி.டி.பி.க்காரர் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீராம்.

"மேடம், பதினாறு வருஷமா இவங்க அகராதியை அடிக்கறேன். ஒரு வரியில கூட விரல் நின்னதில்ல. நேத்து நின்னுச்சு. தயவுசெஞ்சு இதை மட்டும் எடுத்துடாதீங்க."

"புரூஃப் குடுங்க" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

நீளமான தாள். ஒன்றரைப் பத்தி. நின்றபடியே ஆரம்பத்திலிருந்து படித்தாள். சோனா, அனான், பிரசன்ட்லி, எங்கள் தெரு எல்லாம் வரிசையாக வந்தது. குழாய்க்காரரைப் படித்தாள், கம்பவுண்டரைப் படித்தாள், அவள் அண்ணனைப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். டி.டி.பி.க்காரரும் நானும் அவள் முகத்தையே பார்த்தோம். எழுதியவர் புரூஃபில் எழுத்துப் பிழையும் எண் பிழையும் திருத்தலாம், அதற்குக் கையெழுத்து வேண்டாம், வரியைத்தான் தொடக்கூடாது. 'நாள்' என்பதில் ஏதாவது தப்புக் கண்டுபிடித்து அந்த வரியே புரியாமல் செய்துவிடுவாளோ என்றுகூட எனக்கு ஒரு யோசனை. நானாக இருந்தால் செய்திருப்பேன்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"நாப்பத்திரண்டுங்கறது திங்கக்கிழமை வரைக்கும்" என்றாள். "நேத்துதானே கையெழுத்துப் போட்டார்? நாப்பத்தஞ்சு." நாற்பத்திரண்டை அடித்து நாற்பத்தைந்து ஆக்கினாள். 'இன்னும் நிலுவை' என்பதைப் பார்த்தாள். தொடவில்லை.

"அதான் கையெழுத்துப் போட்டுட்டாரேடி" என்றேன்.

"கையெழுத்துதானே அண்ணி போட்டார். 'பாத்துடறேன்'னுதானே சொன்னார்? பாக்கலையே."

டி.டி.பி.க்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை பிளேட் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. முன்பக்கத்தில் பதினாலு பெயர், கடைசியாக இவள் பெயர். என்னிடம் காட்டினாள். எறும்பு சைஸில் இருக்கிறதே, இதற்கா இவ்வளவு என்று கேட்டேன். "ஆமா" என்றாள். அன்றைக்கு இரண்டு தடவை டீ போட்டுக் குடித்தாள்.

யாரும் கண்டுகொள்ளாமல் மூன்று வாரம் போனது. பிறகு ஏதோ ஒரு காலேஜ் வாத்தியார், வேலைவெட்டி இல்லாதவர்போல, அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து படித்திருக்கிறார். பெரியவருக்குக் கடிதம் போட்டுவிட்டார்: தங்கள் நகைச்சுவை உணர்ச்சி பிரமாதம், தம்மைத் தாமே உதாரணம் காட்டும் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று.

பெரியவர் இவளைக் கூப்பிட்டார். நானும் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். போனேன், அறைக்கு வெளியே, அந்தப் பீங்கான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது.

"இது நானாம்மா?"

"ஆமா சார்."

"நாப்பத்தஞ்சு நாளா?"

"ஆமா சார்."

போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அந்த மனிதர் சுவர்க் காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"முப்பத்தொம்பதுதான் வருது. நடுவுல ஆறு ஞாயித்துக்கிழமை. அலுவலகம் லீவு. அதைக் கழிக்கணும்."

"சொன்னப்ப ஞாயித்துக்கிழமை நீங்கலான்னு சொல்லலையே சார்."

"சொல்லாட்டியும் அது அடக்கம்தானேம்மா!"

"அடக்கம்னா அதுக்கு ஆதாரச் சீட்டு வேணும் சார்."

"குடுத்த நாளைச் சேத்துட்டீங்களோ?"

"சேக்கல சார். சேத்தா நாப்பத்தாறு."

மானம் போனதைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தீர்களா, அவருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று கேட்டார். அவருக்கும் கழிக்கவில்லை என்று இவள் டைரியை எடுத்துக் காட்டினாள். அவர் டைரியை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் காலண்டர்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். வெளியே என் முழங்கால் செத்தது. இவர்களுக்கெல்லாம் கிறுக்கு என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

கடைசியில் பெரியவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைத் தேடாமல் எடுத்து மாட்டிக்கொண்டார். புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து, சூனை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, படித்தார். ஓரத்தில் பென்சிலால் 'எண் சரி. இருக்கட்டும்' என்று எழுதினார். 'இன்னும் நிலுவை' என்பதை மட்டும் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு படித்துவிட்டுப் போட்ட முதல் கையெழுத்து அதுதான் என்று டி.டி.பி.க்காரர் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்.